வேறு வேலையிலிருந்து எழுத்துக்கு: வகுப்பில் சேர்வது முதல் நூல் வெளிவருவது வரை

எந்த எழுத்துப் பயிற்சி வகுப்பும் யாருக்கும் புத்தகம் போட்டுத் தராது. நல்ல வகுப்பில் உங்களுக்குத் தள்ளிப்போட முடியாத கெடு கிடைக்கும், தாட்சண்யம் பார்க்காத வாசகர்கள் கிடைப்பார்கள், எழுதியதைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டும் பழக்கம் வரும். பத்திரிகை ஆசிரியரும் பதிப்பாளரும் சான்றிதழைக் கேட்பதில்லை. முதல் பக்கத்தைப் படிக்கிறார்கள், பிடித்தால் இரண்டாவதைப் புரட்டுகிறார்கள். ஆகவே வேலை மாற்றத்தைப் படிப்பை வைத்துத் திட்டமிட வேண்டாம். எழுதி முடித்து, திருத்தி, அனுப்பிய படைப்புகளின் எண்ணிக்கையை வைத்துத் திட்டமிடுங்கள். வேலையில் இருந்துகொண்டே எழுதுபவருக்கு, முதல் வகுப்பிலிருந்து முதல் நூல் வரை மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு.

1. பணம் கட்டும் முன் எட்டு வாரம்

வகுப்பில் சேரும் முன் எட்டு வாரம் தனியாக எழுதிப் பாருங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 300 சொல். எட்டு வாரத்தில் 12,000 சொல் சேரும். அதற்குள் 2,000 முதல் 3,000 சொல் அளவில் ஒரு சிறுகதையோ கட்டுரையோ முடிந்திருக்க வேண்டும். முடிந்தது என்றால், கடைசி வரி எழுதப்பட்டு ஒரு முறையாவது முழுதாகத் திருத்தப்பட்டது என்று பொருள். முடிந்தால் எழுதும் நேரத்தை வேலைக்குக் கிளம்பும் முன்பே வையுங்கள். மாலையில் வைத்தால் வேலையிடத்து அவசரம் ஏதாவது வந்து அதை விழுங்கிவிடும்.

எட்டு வாரம் கழித்து என்ன நடந்தது என்று பாருங்கள். எந்த வகுப்பு உங்களுக்குத் தேவை என்பதை அதுவே சொல்லும்.

12,000 சொல் வரவே இல்லையென்றால் உங்கள் சிக்கல் கலையில் இல்லை, கெடுவில் இருக்கிறது. வாராவாரம் எழுதிக் கொடுத்தே ஆகவேண்டிய குறுகிய கால வகுப்பைத் தேடுங்கள். சொற்கள் வந்தும் எதுவும் முடியவில்லை என்றால், கதைக் கட்டமைப்பைக் கற்றுத்தரும் சிறுகதை வகுப்பு வேண்டும். இந்த நிலையில் நாவல் வகுப்பில் சேர்வது, கிணறு தாண்டாதவர் கடலில் இறங்குவது போல. முடித்துவிட்டீர்கள், ஆனால் ஏதோ சரியில்லை, எது என்று தெரியவில்லை என்றால், எழுதியதைப் பலரும் படித்துப் பேசும் பட்டறை உதவும். முடித்துத் திருத்தி, பத்திரிகைகளிலிருந்து 'அடுத்ததை அனுப்புங்கள்' என்ற பதில் வரத் தொடங்கிவிட்டதென்றால் வகுப்பே வேண்டாம். அந்தப் பணத்தில் தனி வழிகாட்டியையோ நல்ல எடிட்டரையோ பிடியுங்கள்.

2. பழைய தொழில் உங்கள் முதலீடு

வேலையை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, பழைய வேலையை மறக்க முயல்வது. செவிலியர், கணக்காளர், நில அளவையாளர், லாரி ஓட்டுநர் என யாராக இருந்தாலும், வெளியாளுக்குத் தெரியாத ஓர் உலகத்தின் சொற்கள், ஒலிகள், பொய்கள், அச்சங்கள் உங்களுக்குத் தெரியும். இளம் வயதிலேயே எழுத வந்தவரிடம் இல்லாத சரக்கு அது. ஒரு நோட்டில் நூறு வரி எழுதுங்கள்: வேலையிடத்தில் மட்டும் புழங்கும் சொல், புதிதாக வந்தவர் முதல் வாரம் செய்யும் பிழை, எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் பேசாத விஷயம். அதிலிருந்து குறைந்தது ஐந்து கட்டுரைக்கான பொருளும் இரண்டு கதைக்கான கருவும் கிடைக்கும்.

முதல் வெளியீடு பெரும்பாலும் கட்டுரை வழியாகத்தான் எளிதில் வரும். கதைக்குப் போட்டி அதிகம். துறை தெரிந்து எளிய மொழியில் கட்டுரை எழுத ஆள் குறைவு. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: நோயாளி, வழக்கறிஞரின் கட்சிக்காரர், வாடிக்கையாளர் பற்றிய செய்திகள் உங்களுக்குச் சொந்தமில்லை. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், வயது, நோய், ஆண்டு நான்கும் சேர்ந்தால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். பல பேரின் அனுபவத்தைக் கலந்து ஒரு பாத்திரம் செய்யுங்கள்.

பணி ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். வேலைநேரத்திலோ நிறுவனக் கணினியிலோ உருவாக்கியது நிறுவனத்துக்குச் சொந்தம் என்ற விதி சில ஒப்பந்தங்களில் உண்டு. வெளிவேலைக்கு அனுமதி பெற வேண்டும் என்ற விதியும் இருக்கலாம். எழுதுவது சொந்தக் கணினியில், சொந்த நேரத்தில், சொந்த மின்னஞ்சலில் இருக்கட்டும்.

3. பணக் கணக்கு

விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்கான ராயல்டியை இப்படிப் பாருங்கள். நூலின் விலையில் 10% உங்களுக்கு என்று ஒப்பந்தம். 1,000 பிரதி விற்றால் கிடைப்பது 100 பிரதிகளின் விலை. உங்கள் மாதச் செலவு எத்தனை பிரதிகளின் விலைக்குச் சமம் என்று கணக்கிட்டு, பத்தால் பெருக்குங்கள். நூலை மட்டுமே நம்பி வாழ மாதம் அத்தனை பிரதி விற்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்த பிறகு யாரும் அவசரமாக வேலையை விடுவதில்லை.

பணம் வரும் வேகமும் வேறு. ராயல்டிக் கணக்கு பொதுவாக ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு முறை. முன்பணம் தரும் பதிப்பகமும் ஒப்பந்தத்தின்போது ஒரு பகுதி, கைப்பிரதி ஒப்படைத்ததும் ஒரு பகுதி, வெளியானதும் ஒரு பகுதி எனப் பிரித்தே தரும். முன்பணம் ராயல்டியில் கழியும் வரை மேற்கொண்டு எதுவும் வராது. பத்திரிகைகளில் பலவும் ஏற்றுக்கொண்டதும் பணம் தருவதில்லை, அச்சானதும்தான் தரும். இதனால்தான் எழுத்தாளர்களில் பெரும்பாலோர் மொழிபெயர்ப்பு, எடிட்டிங், கற்பித்தல், நிறுவனங்களுக்கான எழுத்து என ஏதேனும் ஒன்றைச் சேர்த்தே வாழ்கிறார்கள். எழுத்தாளர் காஃப்கா 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

4. வகுப்பைத் தேர்ந்தெடுப்பது

பட்டறை முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக எழுத்தாளர் பட்டறை 1936இல் தொடங்கியது. பிரிட்டனில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1970இல் படைப்பெழுத்துக்கு முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ அங்கே படித்தவர். இன்று உலகெங்கும் நடக்கும் பல வகுப்புகள் இவற்றின் சிறிய வடிவங்களே. அவற்றில் ஆறு முதல் பத்து வாரக் குறுகிய வகுப்பு, தங்கிப் பயிலும் முகாம், ஓராண்டு இரண்டாண்டு முதுகலை, ஒருவருக்கு ஒருவர் வழிகாட்டல் என்று பல வகை. வேலையில் இருப்பவர் குறுகிய வகுப்பில் தொடங்குவதே நல்லது. முதுகலைப் பட்டம் கற்பிக்கும் வேலைக்குப் போக நினைப்பவருக்குப் பயன்படும். எழுத்தாளராக அது அவசியமில்லை.

சேரும் முன் நடத்துபவரிடம் நேராகக் கேளுங்கள்:

- மொத்தம் எத்தனை முறை என் எழுத்து படிக்கப்படும்? ஒவ்வொரு முறையும் எத்தனை சொல்?
- எழுத்துவடிவில் கருத்து வருமா, பேச்சில் மட்டுமா? மாதிரி ஒன்று காட்ட முடியுமா?
- வகுப்பில் எத்தனை பேர்?
- திருத்திய வடிவத்தை மறுபடி படிப்பீர்களா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். முதல் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லிவிட்டு அடுத்த வாரம் அடுத்த தலைப்புக்குப் போகும் வகுப்பில், திருத்தக் கற்றுக்கொள்ளவே முடியாது. கட்டணத்தை உங்கள் எழுத்து படிக்கப்படும் தடவைகளால் வகுத்துப் பாருங்கள். ஒரு வகுப்பு மலிவாகத் தெரியும், ஆனால் உங்கள் எழுத்து ஒரே ஒரு முறைதான் படிக்கப்படும். இன்னொன்றுக்கு இரட்டிப்புக் கட்டணம், ஆனால் நான்கு முறை. இரண்டாவதுதான் மலிவு.

பட்டறைக்கு 8 முதல் 12 பேர் சரியான அளவு. அதற்கு மேல் போனால் உங்கள் முறை வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். ஐந்துக்குக் கீழே போனால், இரண்டு பேர் வராத நாளில் வகுப்பே இருக்காது. ஆசிரியர் எழுதியவற்றில் இரண்டையாவது படித்துப் பாருங்கள். உங்களுக்குப் பிடிக்க வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் எழுத விரும்பும் வகையை அவர் மதிப்பவராக இருக்க வேண்டும். துப்பறியும் கதையை மட்டமாக நினைப்பவரிடம் துப்பறியும் கதை கற்க முடியாது.

'முடித்தவுடன் நூல் வெளியீடு உறுதி' என்று விளம்பரம் இருந்தால் விலகிவிடுங்கள். தொகுப்பில் உங்கள் கதை வர நீங்களே இத்தனை பிரதி வாங்க வேண்டும் என்பதும், வகுப்பு நடத்துபவரே பதிப்பகமும் வைத்து அச்சுச் செலவை மாணவரிடம் வாங்குவதும் அதே ரகம்தான். வெளியீட்டில் பணம் எழுத்தாளரை நோக்கி வர வேண்டும். சொந்தச் செலவில் வெளியிடுவது தவறில்லை. அதை வகுப்பின் பரிசு போலக் காட்டி விற்பதுதான் தவறு.

5. வகுப்பில் இருக்கும்போது

உங்கள் எழுத்து பேசப்படும் நாளில் வாயைத் திறக்காமல் குறிப்பெடுங்கள். 'நான் சொல்ல வந்தது என்னவென்றால்' என்று தொடங்கும் நொடியில் வாசகரின் உண்மையான அனுபவம் நின்றுபோய், உங்களைச் சமாதானப்படுத்தும் பேச்சு தொடங்கிவிடும். பத்திரிகை வாசகரின் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க உங்களால் முடியாது. அந்த நிலையை இங்கேயே பழகுங்கள்.

வந்த கருத்துகளை உடனே கதைக்குள் ஏற்றாதீர்கள். இரண்டு நாள் கழித்து ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: எந்த இடம், எத்தனை பேர் சொன்னார்கள், என்ன தீர்வு சொன்னார்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது. அவர்கள் சொல்லும் தீர்வு மூன்றும் வேறாக இருக்கும், மூன்றும் தவறாகவும் இருக்கலாம். காரணம், பள்ளம் பெரும்பாலும் இரண்டு பக்கம் முன்னால் தோண்டப்பட்டது. 'முடிவு நம்பும்படி இல்லை' என்பார்கள். அந்த முடிவுக்கான விதையை ஆரம்பத்தில் ஊன்றாததுதான் உண்மையான குறையாக இருக்கும்.

மற்றவர்களின் கதைக்கு எழுதித் தரும் கருத்தில் சோம்பல் வேண்டாம். பாதிப் பயிற்சி அங்கேதான் நடக்கிறது. சொந்த எழுத்தில் கண்ணுக்குத் தெரியாத பிழை பிறர் எழுத்தில் பளிச்சென்று தெரியும். பத்துப் பேர் கதையில் பார்த்த பிறகு உங்கள் கதையிலும் தெரியத் தொடங்கும். ஒவ்வொருவருக்கும் அரைப்பக்கம் எழுதுங்கள்: எங்கே கவனம் சிதறியது, எங்கே மறுபடி ஒட்டியது, ஏன்.

ஒரு வீட்டுப்பாடம். துப்பறியும் கதை எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் எண்ணெய் நிறுவன நிர்வாகியாக இருந்து 1932இல் வேலையிழந்தவர். வெளியான கதை ஒன்றை எடுத்து, அதன் நிகழ்வுச் சுருக்கத்தை விரிவாக எழுதிக்கொண்டு, மூலத்தை மூடிவைத்துவிட்டுச் சுருக்கத்திலிருந்து தானே கதையை எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். 1933இல் முதல் கதை அச்சானபோது அவருக்கு வயது 45. முதல் நாவல் வந்தது 1939இல். மாதம் ஒரு கதையை இப்படிச் செய்யுங்கள், வெளியிடுவதற்கல்ல, கற்பதற்கு மட்டும். எந்த இடத்தில் மூலக் கதையின் ஆசிரியர் ஒரு வரியில் தாண்டியதற்கு நீங்கள் ஒரு பக்கம் எடுத்தீர்கள் என்பது ஒப்பிடும்போதுதான் தெரியும்.

6. திருத்தம்

வகுப்பு முடித்த பலரும் நின்றுபோகும் இடம் இது. முதல் வரைவில் எழுத்துப்பிழை பார்த்துவிட்டு 'திருத்திவிட்டேன்' என்று அனுப்பிவிடுகிறார்கள். திருத்தம் மேலிருந்து கீழே, பெரியதிலிருந்து சிறியதுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் நாளை தூக்கி எறியப் போகும் பத்தியை இன்று செதுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் இரண்டு வாரமாவது கதையை மூடிவையுங்கள். பிறகு அச்செடுத்து, பேனாவைத் தொடாமல் ஒரே அமர்வில் படியுங்கள். படித்து முடித்ததும் கதை எதைப் பற்றியது என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் இரண்டு கதை ஒன்றாகக் கலந்திருக்கிறது, ஒன்றைப் பிரித்தெடுங்கள்.

அடுத்து காட்சிப் பட்டியல். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி: யாருக்கு என்ன வேண்டும், காட்சி முடியும்போது என்ன மாறியது. எதுவும் மாறாத காட்சியை வெட்டுங்கள், அல்லது அதில் உள்ள ஒரே ஒரு தேவையான தகவலை அடுத்த காட்சிக்குக் கொண்டுபோங்கள். ஆரம்பத்தைத் தனியாகப் பாருங்கள். புதிதாக எழுதுபவரின் கதை பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது பக்கத்தில்தான் உண்மையில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் உள்ளது எழுத்தாளர் தனக்காக எழுதிக்கொண்ட அறிமுகம்.

மூன்றாவது சுற்று வரிக்கு வரி. உரக்கப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியம் நீளம், நாக்கு குழறும் இடத்தில் சொல் தவறு. தமிழில் எழுதும்போது 'கொண்டிருந்தான்', 'விட்டிருந்தாள்' எனத் துணைவினைகள் அடுக்கடுக்காக வந்து வேகத்தைக் கொல்லும். பாதியை எடுத்துவிட்டாலும் பொருள் மாறாது. 'மிகவும்', 'திடீரென்று', 'ஒருவிதமான' போன்றவற்றைத் தேடிப் பிடித்து நீக்குங்கள். மொத்தச் சொல்லில் பத்தில் ஒரு பங்கைக் குறைப்பது என்று இலக்கு வைத்தால் கை தானாகக் கறாராகும்.

சந்தி, ஒற்று, எழுத்துப்பிழை எல்லாம் கடைசிச் சுற்றில். சொந்தக் கண் ஏமாற்றும். முடிந்தால் இன்னொருவர் மெய்ப்புப் பார்க்கட்டும்.

7. பத்திரிகைக்கு அனுப்புவது

ஒரு பத்திரிகையின் மூன்று இதழ்களையாவது படிக்காமல் அதற்கு அனுப்பாதீர்கள். தரத்தால் இல்லாமல், இடம் மாறி வந்ததாலேயே திரும்பும் படைப்புகள் ஏராளம். இதழின் விதிமுறையில் உள்ள சொல் எண்ணிக்கை, கோப்பு வகை, அனுப்பும் காலம் ஆகியவற்றை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றுங்கள். விதி எதுவும் சொல்லாவிட்டால் 12 புள்ளி எழுத்து, இரட்டை இடைவெளி, சுற்றிலும் ஓர் அங்குல ஓரம், பக்க எண் என்பது பாதுகாப்பான வடிவம். தமிழ்ப் படைப்பு என்றால் யூனிகோடு எழுத்துருவில் மட்டும் அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் உள்ள கோப்பு மறுமுனையில் புரியாத குறிகளாகத் திறந்தால் யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

உடன் எழுதும் கடிதம் ஐந்தாறு வரி போதும்: தலைப்பு, சொல் எண்ணிக்கை, இதுவரை வெளியாகாதது என்ற உறுதி, உங்களைப் பற்றி இரண்டு வரி. கதையை விளக்காதீர்கள். பழைய தொழில் கதையின் பொருளோடு தொடர்புள்ளதென்றால் அதைக் குறிப்பிடுங்கள்.

ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்: படைப்பு, இதழ், அனுப்பிய நாள், பதில், கிடைத்த கருத்து. ஒரே படைப்பை ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்பச் சில இதழ்கள் அனுமதிக்கும், சில அனுமதிக்காது. அனுமதித்தாலும், ஓரிடத்தில் ஏற்றுக்கொண்ட அன்றே மற்ற எல்லாருக்கும் தெரிவித்து விலக்கிக்கொள்ள வேண்டும். இதில் தவறினால் ஆசிரியர்கள் மறப்பதில்லை. சமூக ஊடகத்திலோ சொந்த வலைப்பூவிலோ முழுக் கதையையும் போட்டுவிட்டால் பல இதழ்கள் அதை ஏற்கெனவே வெளியானதாகவே கருதும்.

அச்சடித்த மறுப்புக்கும், இரண்டு வரி சொந்தமாக எழுதிய மறுப்புக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவது வந்தால் அந்த ஆசிரியருக்கே அடுத்த கதையை அனுப்புங்கள். ஒரே குறையை இரண்டு ஆசிரியர்கள் சொன்னால் மட்டும் கதையைத் திறந்து திருத்துங்கள். மற்றபடி திரும்பி வந்த வாரமே அடுத்த இதழுக்குப் போகட்டும்.

8. நூல்

நாவலுக்கும் அனுபவ, துறைசார் நூலுக்கும் வழி வேறு. முதல் நாவலை முழுதாக முடிக்காமல் யாரிடமும் கொண்டுபோகக் கூடாது. கற்பனை அல்லாத அபுனைவு நூலுக்குப் பல பதிப்பகங்கள் முன்மொழிவையே பார்க்கும்: நூல் எதைப் பற்றி, யாருக்கு, ஏற்கெனவே உள்ள நூல்களிலிருந்து எப்படி வேறு, அத்தியாய வாரியாகச் சுருக்கம், எழுத உங்களுக்கு என்ன தகுதி, ஓரிரு மாதிரி அத்தியாயம். பழைய தொழில் இங்கேதான் நேரடியாகக் காசாகிறது.

நாவலுக்குக் கேட்பது பொதுவாக அறிமுகக் கடிதம், ஒன்று அல்லது இரண்டு பக்கக் கதைச் சுருக்கம், தொடக்க அத்தியாயங்கள். சுருக்கத்தில் முடிவை மறைக்காதீர்கள். கதை எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியத்தான் பதிப்பாளர் அதைக் கேட்கிறார். எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்தோடு பேசும் இலக்கிய முகவர் வழக்கம் உள்ள மொழிகளில், பெரிய பதிப்பகங்களுக்குள் பெரும்பாலும் முகவர் வழியாகத்தான் நுழைய முடியும். அவர் உள்நாட்டு வருவாயில் 15% எடுப்பது வழக்கம். படித்துப் பார்க்க முன்கூட்டியே கட்டணம் கேட்பவர் முகவரல்லர். முகவர் வழக்கம் இல்லாத இடங்களில் நேராகப் பதிப்பகத்துக்கே எழுதலாம்.

ஒப்பந்தம் வந்ததும் மகிழ்ச்சியில் கையெழுத்திடாமல் ஒரு வாரம் எடுத்துப் படியுங்கள். எழுதிய நொடியிலேயே பதிப்புரிமை உங்களுடையது. பதிப்புரிமைக்காக 1886இல் கையெழுத்தான பன்னாட்டு பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் பதிவு செய்யாமலேயே அந்த உரிமை உண்டு. பதிப்பகத்துக்கு நீங்கள் தருவது அதில் சில பகுதிகளை வெளியிடும் உரிமம். எந்த மொழி, எந்த வடிவம், எத்தனை ஆண்டு என்று குறிப்பாக இருக்கிறதா பாருங்கள். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்பட உரிமைகளையும் மொத்தமாகக் கேட்டால் அவற்றில் உங்கள் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ராயல்டி அட்டை விலையில் கணக்கிடப்படுகிறதா, கழிவு போக நிகரத் தொகையிலா என்பதை விட்டுவிடாதீர்கள். ஒரே சதவீதமாகத் தெரிந்தாலும் கைக்கு வரும் தொகை பாதியாகலாம். நூல் விற்பனையில் இல்லாமல் போனால் உரிமை உங்களுக்குத் திரும்பும் என்ற விதியும் இருக்க வேண்டும். உங்கள் அடுத்த நூலையும் முதலில் அவர்களுக்கே காட்ட வேண்டும் என்ற விதி இருந்தால், எத்தனை நாளில் அவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்று கெடு போடச் சொல்லுங்கள்.

9. வேலையை விடும் நாள்

ஒப்பந்தம் ஒன்றை மட்டும் நம்பி வேலையை விடாதீர்கள். ஓராண்டுச் செலவுக்கான சேமிப்பு கையில் இருக்க வேண்டும். எழுத்தும் எழுத்தோடு சேர்ந்த வேலைகளும் சேர்த்து, தொடர்ந்து பன்னிரண்டு மாதம் உங்கள் செலவில் பாதியையாவது ஈட்டியிருக்க வேண்டும். அடுத்த நூலின் முதல் வரைவு தொடங்கியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், முழுதாக விடுவதற்கு முன் வாரத்தில் ஒரு நாள் குறைவான வேலைக்கோ பகுதிநேரத்துக்கோ மாற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். உரிமம் அல்லது பதிவு தேவைப்படும் தொழில் என்றால் விட்ட பிறகும் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். காலாவதியான உரிமத்தை மீட்பது புதிதாக வாங்குவதைவிடக் கடினமாக இருக்கலாம். வேலையை விட்ட பிறகு வரும் முதல் திங்கட்கிழமையும் பழைய நேரத்திலேயே, பழைய 300 சொல்லோடு எழுத உட்காருங்கள். கூடுதலாகக் கிடைத்த நேரத்தை முதல் மூன்று மாதம் திருத்துவதற்கும் அனுப்புவதற்கும் ஒதுக்குங்கள்.